தண்ணீர் பிடிக்காத தாங்கி

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். அதனாலோ என்னவோ, யார் எதைக் கேட்டாலும் பரீட்சைத் தாளில் கேட்டதுபோல நீளமாகப் பதில் சொல்வேன். மெல்பர்னில் ஒரு பெண் என்னைக் கட்டிக்கொள்ளச் சம்மதித்தது இதையும் தெரிந்துகொண்டுதான்.

அவள் ஸ்பிரிங்வேலில் அம்மா அப்பாவோடு இருந்தாள். மன்னாரிலிருந்து வந்த கத்தோலிக்கக் குடும்பம். நான் நகரத்தின் அந்தக் கோடியில், டார்னெய்ட்டில், தமிழ்நாட்டுப் பையன்களோடு ஒரு வாடகை வீட்டில் இருந்தேன். பகலில் பஸ் கட்டும் தொழிற்சாலையில் வரைபட வேலை. வீட்டுக்கு வந்தால் போர் டாங்கிகளின் பிளாஸ்டிக் மாதிரிகளை ஒட்டிக்கொண்டிருப்பேன். பிரிட்டிஷ் டாங்கிகள் மட்டும். அதிலும் ஏற்றுமதி ரகங்கள்.

எனக்குப் பிடித்தது சேலஞ்சர் 2ஈ. வெளிநாட்டுக்கு விற்பதற்கென்றே செய்தது. பிரிட்டிஷ் ராணுவத்தில் ஓடிய எஞ்சினை எடுத்துவிட்டு இன்னும் வலுவான ஜெர்மன் எஞ்சினை வைத்தார்கள். பாலைவன வெயிலுக்கு ஏற்ற குளிரூட்டலும் வைத்தார்கள். அலங்காரம் எல்லாம் முடித்து நாடு நாடாகக் கொண்டுபோய்க் காட்டினார்கள். ஒருவரும் வாங்கவில்லை. இதைப் படித்த சமயத்தில் ஊரில் பெண் தேடி என் போட்டோவும் வீடு வீடாகப் போய்த் திரும்பி வந்துகொண்டிருந்தது. அதனால் அந்த வண்டிமேல் ஒரு தனிப் பாசம்.

கிறிஸ்மஸ் கழிந்த ஒரு ஞாயிறு, பூசை முடிந்ததும் சாப்பிட வரச்சொல்லி அவள் வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. வெறும் சாப்பாடு இல்லை என்று தெரியும். அவள் அப்பாவுக்கு என்னைப் பிடித்தால் கல்யாணப் பேச்சு, இல்லாவிட்டால் சோற்றோடு சரி. "அப்பா உங்கட தாங்கியைப் பற்றித்தான் கேட்டுக்கொண்டு இருக்கிறார்" என்று அவள் போனில் சொன்னாள். டாங்கியை அவள் தாங்கி என்றுதான் சொல்வாள். அவ்வளவு ஆர்வமா என்று பூரித்துப்போய், என் சேலஞ்சரையே ஷூ பெட்டியில் பஞ்சு வைத்து, அவருக்குப் பரிசாக எடுத்துக்கொண்டு போனேன்.

அவள் அப்பா, அங்கிள், கதிரையைக் காட்டி உட்காரச் சொன்னார். நேராக விஷயத்துக்கு வந்தார்.

"பிள்ளை சொன்னவ, நீர் தாங்கி செய்யிறவராம்."

"ஆமா அங்கிள். பிரிட்டிஷ். எக்ஸ்போர்ட் மாடல்தான் அதிகம்."

"பிரிட்டிஷ் எண்டா நெடுக உழைக்கும்" என்றவர், வெயிலுக்கு வெடிக்காதோ என்று கேட்டார். பாலைவனத்திலேயே ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள் என்றேன். லொறியில் ஏற்றியா என்றார். இல்லை, தானாகவே போகும் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, எவ்வளவு பிடிக்கும் என்றார். ஆயிரத்தைந்நூறு லிட்டருக்கு மேல் டீசல் என்றேன். டீசல் அவரைக் குழப்பியது தெரிந்தது. ஆனாலும் விடவில்லை.

"சரி, ஆர் வாங்கினது?"

"ஓமான், அங்கிள்."

"ஓம், ஆரெண்டு கேக்கிறன்." ஆமாம் என்பதற்கு அவர்கள் ஓம் என்பார்கள்.

"ஓமான்தான் அங்கிள். அதுவும் முந்தின மாடலை. இதை யாருமே வாங்கலை."

குசினி வாசலில் அவள் அம்மா, அன்ரி, கையில் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தார். அவரையும் பேச்சில் சேர்த்துக்கொள்ளலாமே என்று, பிரிட்டிஷ்காரர்கள் டாங்கிக்கு உள்ளேயே தேநீருக்குத் தண்ணீர் கொதிக்கவைக்க வசதி செய்திருப்பதைச் சொன்னேன். அன்ரி கணவரைப் பார்த்தார். "பாத்தீங்களே, சுடுதண்ணியும் வருமாம். அப்பவே சொன்னனான், நல்லதா ஒண்டு வாங்குவம் எண்டு."

அவள் சாப்பாட்டு மேசைத் துணியின் பூக்களை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிப்பை அடக்கியதில் தோள் மட்டும் குலுங்கியது.

சாப்பிட்டு முடிந்ததும் அங்கிள் என்னைப் பின்பக்கம் கூட்டிப்போனார். வேலியோரமாக, என் உயரத்துக்கு மேல், மழைநீர் பிடிக்கும் பச்சைப் பிளாஸ்டிக் டேங்க். அடியில் மண் சொதசொதவென்று ஈரம்.

"இதுதான் தம்பி. பாருமன்."

பார்த்தேன். அப்போதுதான் உறைத்தது. எங்கள் பக்கம் தண்ணீருக்கு டேங்க், சண்டைக்கு டாங்கி. அவர்கள் பேச்சில் இரண்டுமே தாங்கி. நான் மழைநீர்த் தாங்கி செய்து வெளிநாட்டுக்கு விற்கிறவன் என்று இந்த வீடு நம்பிக்கொண்டிருந்தது.

பின்னால் வந்து நின்றவள் மெதுவாகச் சொன்னாள். "அம்மா தண்ணித் தாங்கி எண்டு நினைச்சா. நான் திருத்தேல்லை. மற்றத் தாங்கி எண்டு தெரிஞ்சிருந்தா உங்களைக் கூப்பிட்டே இருக்க மாட்டினம்."

தண்ணீர் டேங்க் வேலை தெரிந்ததுபோல நடித்திருக்கலாம். எனக்கு அது வராது. காருக்குப் போய் ஷூ பெட்டியை எடுத்துவந்து, அங்கிள் முன்னால் திறந்தேன். நான் செய்வது இதைத்தான், தண்ணீர்த் தாங்கி பற்றி ஒன்றும் தெரியாது என்றேன்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். தொடவில்லை.

"எங்கட ரோட்டால வந்தது இது இல்லை" என்றார். "அது வந்த அண்டைக்குத்தான் நாங்கள் ஊரை விட்டு வெளிக்கிட்டனாங்கள்."

கொண்டுவந்தது தப்பு அங்கிள் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்தார்.

"தாங்கி திருத்தத் தெரியாதெண்டா, பிறகு ஏன் வந்தனீர்?"

"உங்க பொண்ணைக் கேக்க வந்தேன்."

அன்ரி குசினி ஜன்னலை இன்னும் கொஞ்சம் திறந்தார். கை சும்மா இருக்கவில்லை, குனிந்து அந்தப் பச்சை டேங்கைத் தடவிப் பார்த்தேன். எங்கும் வெடிப்பு இல்லை. குழாய் உள்ளே போகும் இடத்தில்தான் கசிவு. பிரிட்டிஷ்காரர்கள் இப்போது சேலஞ்சர் 3 என்று செய்வதும் இதே கதைதான்: பழைய உடம்பை வைத்துக்கொண்டு மேலே தலையையும் பீரங்கியையும் புதிதாக மாட்டுகிறார்கள். நல்லவேளை, இந்த ஒருமுறை அதை வாய்விட்டுச் சொல்லவில்லை.

"உடம்பு நல்லாத்தான் இருக்கு அங்கிள். குழாயை மட்டும் மாத்தினா போதும்."

இருவருமாக ஹார்ட்வேர் கடைக்குப் போனோம். கடையில் எந்தக் குழாய் என்று எங்களுக்குள் நல்ல வாக்குவாதம். அவர் பித்தளைதான் என்றார், நான் பிளாஸ்டிக் என்றேன், பித்தளை வாங்கினோம். மாட்டும்போது இருவரும் முழங்கால்வரை நனைந்தோம். அன்ரி துவாய் கொண்டுவந்து முதலில் என்னிடம் நீட்டினார்.

புறப்படும்போது அங்கிள் ஷூ பெட்டியின் மூடியைத் தானே அழுத்தி மூடி என் கையில் தந்தார்.

"இது இந்த வீட்டுக்கு வேண்டாம் தம்பி. நீர் வாரும்."

"எப்ப அங்கிள்?"

"தாங்கி ஒழுகினா நாளைக்கே வாரும்."

பிடித்திருக்கிறதா இல்லையா என்று அதில் எதை எடுத்துக்கொள்வது? யோசித்தபடியே காரை ஓட்டினேன். பாதி வழியில் அவள் போன்.

"அப்பா சொல்லச் சொன்னவர். ஒழுகுதாம்."

அவளுக்குப் பின்னாலிருந்து அன்ரியின் குரல் கேட்டது. "எங்க ஒழுகுது? குழாய் காஞ்சு போயெல்லே கிடக்கு."