டயாலிசிஸ் வார்டில் ஆகஸ்ட் முதல் தேதி

ஸுனில்டா எங்கே உட்கார்ந்தாலும் சோப்பு வாசனை வரும். வீட்டில் அவள் கை கழுவப் போனால், “ஆபரேஷன் ஆரம்பிக்குதுடி, நகரு” என்று புருஷன் மகளிடம் சொல்லி அவளைக் கேலி செய்வான். அசுன்சியோன் நகரில் ஓர் ஆஸ்பத்திரியின் டயாலிசிஸ் வார்டுக்கு அவள் தலைமை நர்ஸ். அங்கே வருகிறவர்களுக்குக் கழுத்துக்குக் கீழே ஒரு குழாய் செருகியிருக்கும். அதன் உள்முனை இதயத்தின் அருகே போய் நிற்கும். குழாயில் கிருமி ஏறினால் நேரே ரத்தத்தில்தான். எனவே அதன்மேல் போட்ட கட்டை நர்ஸ் தவிர யாரும் பிரிக்கக் கூடாது. கிட்னி ஓடாததால் குடிக்கும் தண்ணீரும் அளந்துதான்.

ஜூலை முடியும்போது பேச்சு கர்ருலிம் சாராயத்தின் பக்கம் திரும்பியது. மெலிந்த மாட்டையும் கிழவனையும் குளிர்கால ஆகஸ்ட் வாரிக்கொண்டு போகும் என்பது ஊர் நம்பிக்கை. முதல் தேதி வெறும் வயிற்றில், எலுமிச்சையும் அருவதா இலையும் ஊறிய சாராயம் மூன்று மடக்கு குடித்தவனை அது தொடாது.

“சின்ன வயசிலேர்ந்து ஒரு வருஷம்கூட விட்டதில்ல நர்ஸம்மா” என்றார் எலாடியோ. குழாய் போட்டவர்களில் ஒருவர், பழைய பஸ் டிரைவர்.

“அப்ப உங்க கிட்னி ஓடிச்சு. இப்ப பஸ் ஷெட்டுல நிக்குது, எலாடியோ ஐயா. ஒரு சொட்டு உள்ள போகக் கூடாது.”

ஆகஸ்ட் பிறந்த சில நாளில் அவர் பல் கிட்டும் குளிர்க்காய்ச்சலோடு வந்து சேர்ந்தார். கையிலிருந்தும் குழாயிலிருந்தும் ரத்தம் எடுத்து லேபுக்கு அனுப்பினார்கள். குழாய் ரத்தத்தில்தான் கிருமி முந்தி வளர்ந்தது; அப்படியென்றால் அது ஏறியது குழாய் வழியாகத்தான். வழக்கமான மருந்துக்கும் அடுத்த மருந்துக்கும் அது அசையவில்லை.

“நான் வேலைக்குச் சேந்தப்ப இதெல்லாம் முதல் ஊசியிலயே அடங்கும்” என்றாள் டாக்டர் இன்ஸ்ஃப்ரான். “வருஷா வருஷம் ஒரு மருந்து கை விட்டுப் போகுது. இது எப்படி உள்ள வந்துச்சுன்னு தெரியணும். வார்டுலேர்ந்துன்னா அடுத்த கட்டில்காரருக்கும் வரும். ரிசல்ட் வர்ற வரைக்கும் நீங்க யாரையும் தொடாதீங்க, ஸுனில்டா.”

அவள் கைகளைப் பஞ்சால் துடைத்து, அந்தப் பஞ்சை லேபுக்கு எடுத்துப் போனார்கள். எத்தனை பேரின் கட்டை இந்தக் கையால் மாற்றினோம் என்று எண்ணிப் பார்க்கவே அவளுக்குப் பயமாக இருந்தது.

எலாடியோவின் மனைவி ஒப்துலியா எட்டிப் பார்த்தாள். “ஏம்மா, அந்தச் சின்னப் பொண்ணு கட்டு போடுது, நீங்க சும்மா உக்காந்திருக்கீங்க?”

“என் கையில கிருமி இருக்கான்னு பாக்குறாங்க.”

ஒப்துலியா முந்தியில் ஒளித்ததை எடுப்பவள்போல மெல்லச் சொன்னாள். “உங்க கை இல்லம்மா. நாங்கதான். ஒரு சொட்டு உள்ள போகக் கூடாதுன்னீங்க. சத்தியமா போகல. கட்டைத் தூக்கி, அந்தச் சாராயத்தை இலையோட சேத்துக் குழாய் வாயில தடவினேன். வாசல்ல காவல் வெச்சா ஆகஸ்ட் உள்ள வராதில்ல? அப்புறம் பழையபடி ஒட்டிட்டேன்.”

“காய்ச்சல் வந்ததும்?”

“தொண்டைக்கு வாங்கின மாத்திரை வீட்டுல மிச்சம் கெடந்துச்சு. குளிர் வந்தா அதான் போடுவாரு. தொண்டை சரியானதும் நிறுத்திடுவாரு.”

ஸுனில்டா திட்ட வாயெடுத்தாள். அதற்குள் “ஒரு சொட்டு உள்ள” என்ற தன் குரலே காதில் கேட்டது. இலையையும், கிருமியை மருந்துக்குப் பழக்கிவிட்ட பாதி மாத்திரையையும் சொல்ல டாக்டரைத் தேடிப் போனாள்.

கிருமி இலையில் வந்ததா, அவர் தோலிலேயே இருந்ததா என்று லேப் சொல்லவில்லை. அவள் கை சுத்தம் என்று சொன்னது. பழைய குழாயை எடுத்துவிட்டு, மூன்றாவது மருந்தை ஏற்றினார்கள். எலாடியோ பாதி எடையாகி, மறுபக்கம் புதுக் குழாயோடு வீடு போனார்.

அடுத்த ஆகஸ்ட் முதல் தேதி ஸுனில்டா பையில் ஒரு கர்ருலிம் பாட்டிலோடு வார்டுக்குள் நுழைந்தாள். டாக்டரிடம் முன்பே கேட்டிருந்தாள். கட்டிலுக்கு ஒரு மூடி அளவு, அன்றைய தண்ணீர்க் கணக்கில் கழித்து.

“மூணு மடக்கு, நர்ஸம்மா” என்றார் எலாடியோ.

“ஒரு மூடிதான். மூணா பிரிச்சுக் குடிங்க. குடிச்சிட்டுச் சட்டையத் தொறங்க, கட்டைப் பாக்கணும்.”