இராஜதுரை அண்ணை பூட்டிய வயர்

மார்க்ஸ் டோர்மோயில் எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருக்கிறார் இராஜதுரை அண்ணை. வயது ஐம்பத்தெட்டு. இருபத்துநான்கு வருடமாக ஒரே உணவகத்தின் குசினியில் வேலை. வீட்டில் அவருக்கு மரியாதைக்குக் குறைவில்லை, பொறுப்புத்தான் ஒன்றும் இல்லை. பிரெஞ்சுக் கடிதங்களை மகள் துஷாரா வாசிப்பாள். போன் பேச வேண்டிய இடங்களுக்கு மனைவி யோகராணி அக்கா பேசுவார். அண்ணை காட்டிய இடத்தில் கையெழுத்து வைப்பார். இதை அவரே சிரித்துக்கொண்டு சொல்வார். அந்தச் சிரிப்பை நாங்கள் அப்படியே நம்பினோம். எங்கள் மடைத்தனம்.

ஓகஸ்டில் லூர்து மாதா கோயிலுக்குப் போவது எங்கள் கட்டடத்து வழக்கம். சைவக்காரர், வேதக்காரர் எல்லோரும் போவோம், அங்கே வாகனத் தரிப்பிடத்தில் சமைத்துச் சாப்பிடுவோம். பானை, அடுப்பு, அரிசி எல்லாம் ஆட்களின் மடியில்தான் ஏறிவரும். போன வருடம் யார் வீட்டுக் குழம்புச் சட்டியையோ எண்ணூறு கிலோமீற்றர் நான் சுமந்தேன். அந்தக் காற்சட்டையைக் கழுவிக் கழுவிக் கடைசியில் எறிந்துவிட்டேன். இம்முறை அண்ணையின் வான் வண்டிக்குப் பின்னால் சாமான் ஏற்றும் இழுவைப் பெட்டி, றெமோர்க், ஒன்றைக் கொழுவுவது என்று முடிவாயிற்று. கொளுக்கி வானில் ஏற்கெனவே இருந்தது. றெமோர்க்கின் விளக்குகள் வானின் விளக்குகளோடு சேர்ந்து எரிய வயர் இழுக்க வேண்டும்.

"அதை நான் செய்யிறன்" என்றார் அண்ணை. யாரும் சொல்லாமலே அவர் ஒரு வேலையைத் தன் தலையில் எடுத்துப்போட்டதை அன்றுதான் கண்டேன்.

புறநகரான ஓல்னே-சூ-புவாவில் நண்பர் மரியரட்ணத்தின் வீட்டு முற்றத்தில் மூன்று ஞாயிறு மினக்கெட்டார். பற்றறியைக் கழற்றி, வானின் பின்பக்க உள்தட்டுகளைப் பிரித்து, மல்லாந்து கிடந்து வயர் இழுத்தார். முதல் ஞாயிறு கறுப்பு வயரை மைனஸ் என்று பூட்டினார். ஊரில் வீடுகளுக்கு வயர் இழுத்த காலத்துப் பழக்கம். இதில் வெள்ளைதான் மைனஸ். பியூஸ் ஒன்று போயிற்று. அண்ணை அசரவில்லை. வயர்களோடு வந்த படத்தைக் கண்ணாடி போட்டுப் பார்த்து ஒவ்வொரு வயராகத் திருத்தினார். மூன்றாம் ஞாயிறு எல்லா விளக்கும் எரிந்தன. வயர்கள் போய்ச் சேரும் சின்னக் கறுப்புப் பெட்டிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தார். மரியரட்ணம் தன் பங்குக்குச் சிலுவை அடையாளம் போட்டார்.

லூர்துக்குப் புறப்பட்ட காலையில் "எங்கட இஞ்சினியர்" என்று மரியரட்ணம் உட்பட எல்லோரும் அவரின் தோளில் தட்டினோம். யோகராணி அக்கா அவருக்கென்று தனியாக வடை சுட்டுக் கட்டியிருந்தார். மனிதர் வெட்கப்பட்டுப்போனார்.

லிமோஜ் நகரம் தாண்டி ஒரு தரிப்பிடத்தில் பார்த்தால், றெமோர்க்கின் இடது சிக்னல் எரியவில்லை. அண்ணை உற்சாகமாகவே வானின் பின்பக்க உள்தட்டைக் கழற்றினார். உள்ளே இருந்தது சாம்பல் நிறப் பெட்டி. பொட்டு இல்லை. வயர்களை யாரோ பிளாஸ்ரிக் பட்டியால் அழகாகக் கட்டியிருந்தார்கள்.

"இது என்ரை இல்லையே. ரட்ணம், இது ஆரின்ரை வேலை?"

மரியரட்ணம் றெமோர்க்கின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். யோகராணி அக்காதான் வாய் திறந்தார்.

"இஞ்சருங்கோ, கோவிக்காதேங்கோ. பியூஸ் போனதெண்டு கேள்விப்பட்டதிலயிருந்து எனக்குப் பயம். பிள்ளையள் ஏறுற வாகனம். நீங்கள் வேலைக்குப் போன நேரம் கராஜிலை குடுத்து மாத்தினனாங்கள்."

"என்ன பிழையெண்டு சொன்னவங்கள்?"

 துஷாராதான் பிரெஞ்சில் முணுமுணுத்தாள். ஒரு பிழையும் இல்லை, அப்படியே விடுங்கள் என்றுதான் கராஜ்காரர் சொன்னாராம். அம்மாதான் கேட்கவில்லையாம்.

அந்த அளவு பிரெஞ்சு அண்ணைக்கு விளங்கும். அவர் முகம் செத்துப்போனது. பிழை இருந்திருந்தால் தாங்கியிருப்பார், இதை அவரால் தாங்க முடியவில்லை. எங்கள் ஆட்களுக்கு ஒரு சந்தேகத்தை முகத்துக்கு நேரே கேட்க வாய் வராது. முதுகுக்குப் பின்னால் கராஜுக்குப் போவோம், முன்னால் நின்று வடை கொடுப்போம்.

"அப்ப வயரிலை இல்லை. என்னிலைதான் உங்களுக்கு நம்பிக்கையில்லை" என்றார்.  பிறகு என் பக்கம் திரும்பினார்.

"லவன், உனக்கும் தெரியுமோடா?"

வானைக் கராஜில் விட்ட மரியரட்ணத்தைத் திரும்பக் கூட்டிவந்தது நான்தான். பொய் சொல்லிவிடலாம் போல இருந்தது.

"ஓம் அண்ணை" என்றேன்.

அவர் போய் றெமோர்க்கின் சிக்னல் மூடியைக் கழற்றிப் பார்த்தார். பழுதாகியிருந்தது றெமோர்க்கின் பல்ப் மட்டும்தான். புதிதைப் போட்டு, தட்டை மூடி, வானில் ஏறி இடது சிக்னலைப் போட்டார். பின்னால் நின்ற மரியரட்ணம், "எரியுது அண்ணை! நல்லா எரியுது!" என்று கத்தினார்.

இராஜதுரை அண்ணை கதவைத் திறந்து இறங்கினார். எங்களைத் தாண்டி நடந்து வந்து, தானே குனிந்து பார்த்தார்.