சூடு தெரியாத கால்

குருநகர்க் கடற்கரைக்குக் கிட்ட, தகரக் கூரை போட்ட ஒரு சின்ன வீட்டில் இருந்தான் ஜஸ்ரின். வயது இருபத்தாறு. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. கடலட்டை பிடிக்கச் சுழியோடப் போனவன், சிலிண்டரில் காற்று முடிந்துபோக, ஆழத்திலிருந்து ஒரே மூச்சில் மேலே வந்துவிட்டான். அப்படி வந்தால் இரத்தத்தில் காற்றுக் குமிழி கட்டி ஆளை முடமாக்கிவிடும் என்று கடலில் இறங்குகிற எல்லாருக்கும் தெரியும். மூச்சே இல்லாதவனுக்கு அந்தப் பாடமெல்லாம் எங்கே நினைவு வரும்? கரைக்கு வந்தபோது நாலு பேர் தூக்கித்தான் வள்ளத்திலிருந்து இறக்கினார்கள்.

அதன் பிறகு பார்க்க வந்த சனத்தைச் சொல்லி முடியாது. வருகிறவர்கள் அவனோடு கதைக்கமாட்டார்கள். தாய் யோசப்பினிடம்தான் கேட்பார்கள்.

"தம்பி சாப்பிடுறானே? தம்பிக்கு நித்திரை வருதே?"

தம்பி அங்கேதான் குத்துக்கல் மாதிரி இருப்பான். நாக்கும் காதும் நன்றாக இருக்கிற மனிசன்! கூடச் சுழியோடிய பெடியன்களும் வந்தார்கள். முந்தி நாளுக்கு ஒரு சண்டை பிடிக்காமல் அவர்களுக்குப் பொழுது போகாது. இப்போதோ அவன் என்ன சொன்னாலும் "ஓமடா, நீ சொல்லுறது சரி" என்று தலையாட்டினார்கள். அதில்தான் அவனுக்கு வயிறு பற்றி எரிந்தது. தன்னோடு ஒருத்தன் நேருக்கு நேர் நின்று சண்டை பிடிக்கமாட்டானா என்று ஏங்கினான்.

அந்த ஏக்கத்தில்தான், முகம் தெரியாதவர்களோடு விளையாடவென்று, கொம்பியூட்டர் கட்டத் தொடங்கினான். சுழியோடிச் சாமான்களை விற்றான். கொழும்பில் ஏதோ கொம்பனிக் கந்தோர் கழித்துவிட்ட பழைய பெட்டி ஒன்று வந்து சேர்ந்தது. திரையில் படத்தை ஓட்டுகிற கிராபிக்ஸ் காட் இன்னும் மோசம். எவனோ இராப்பகலாக வேலை வாங்கிச் சாறு பிழிந்த பிறகு விற்றது. அதன் காற்றாடி ஒன்று சுற்றவில்லை. வேறொன்றைத் தேடியெடுத்து வலை நூலால் இறுக்கிக் கட்டினான். மதர்போட்டைத் தாங்குகிற சட்டம் ஒன்று கழன்றிருந்தது, அதற்கும் வலை நூல்தான்.

பெட்டி உயிர் பெற்றது. ஆனால் விளையாட்டு நத்தை வேகத்தில் ஊர்ந்தது. அங்கேதான் ஓவர்குளொக் என்கிற வித்தைக்கு வந்தான். காட் ஓடவேண்டிய வேகத்தை அதைச் செய்தவன் வகுத்து வைத்திருப்பான். அந்த வரம்பை மீறிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டவேண்டும். கூட்டினால் படம் வழுக்கிக்கொண்டு ஓடும், சூடும் ஏறும். மிஞ்சிப் போனால் திரை அப்படியே உறைந்துவிடும். ஜஸ்ரின் கூட்டினான், உறைந்தது, குறைத்தான், பிறகும் கூட்டினான். திரையின் மூலையில் சூட்டைக் காட்டுகிற இலக்கம் ஒன்று எரிந்துகொண்டே இருக்கும். அதிலிருந்து கண்ணை எடுக்கமாட்டான். சூடு வெளியே போகட்டும் என்று பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி எறிந்தான். உப்புக் காற்று துருப்பிடிக்க வைக்கும் என்று சன்னலைச் சாத்தினான். வீட்டிலிருந்த ஒரேயொரு காற்றாடியையும் பெட்டிப் பக்கம் திருப்பிவிட்டான்.

"உந்தக் கண்டறியாத பெட்டிக்குக் காத்து, பெத்தவளுக்கு வேர்வையோ?" என்பாள் யோசப்பின், மீன் விற்றுவிட்டு வந்து முந்தானையால் விசிறிக்கொண்டு. வாய்தான் அப்படி. மகன் பழையபடி சிரிக்கிறானே என்று உள்ளுக்குள் அவளுக்குப் பெரிய ஆறுதல்.

அவன் சிரித்ததற்குக் காரணம் சுன்னாகத்துச் சிவகரன். இணையத்தில் கூடி ஆளையாள் சுடுகிற துவக்குச் சண்டை விளையாட்டில் ஐந்து பேர் கொண்ட அணி, அதற்குத் தலைவன் அவன். ஒருவரையொருவர் நேரில் கண்டதில்லை. குரல் மட்டும்தான் பழக்கம். ஜஸ்ரினுக்கு அங்கே பெயர் சுறா.

"எடேய் சுறா! எங்கையடா படுத்துக் கிடக்கிறாய்? எழும்பி ஓடடா, நாயே!"

சக்கர நாற்காலியில் இருந்தபடி ஜஸ்ரின் எழும்பி ஓடினான். அந்த வசவைக் கேட்கக் கேட்க அவனுக்குத் தேன் குடித்தது போல இருந்தது. கால் விசயத்தை அவன் அந்த அணியில் ஒருவருக்கும் சொல்லவில்லை. சாகும்வரை சொல்லுவதில்லை என்றும் முடிவெடுத்திருந்தான்.

நெல்லியடிப் பெடியன்களோடு போட்டி வந்தது. அன்று வெயில் தகரத்தைப் பிளந்தது. ஜஸ்ரின் காட்டின் வேகத்தை இன்னும் ஒரு படி கூட்டிவிட்டுத்தான் இருந்தான். உணர்ச்சி செத்த கால்களுக்கு இடைக்கிடை ஓர் உதறல் வரும், அவன் கேட்டு வருவதல்ல. அப்படி ஒருமுறை உதறி, வலது கால் நாற்காலியின் மிதிபலகையிலிருந்து நழுவி, மேசைக்குக் கீழே திறந்து கிடந்த பெட்டிக்குள் போய் விழுந்தது. பாதம் சுடச்சுட ஓடிக்கொண்டிருந்த கிராபிக்ஸ் காட்டின்மேல் சாய்ந்தது. அவனுக்கு எப்படித் தெரியும்? கால்களை ஒவ்வொரு நாளும் குனிந்து பார்க்கவேண்டும் என்று ஆசுப்பத்திரியில் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். அதெல்லாம் அலுத்துப்போய்க் கன நாள்.

மூலையிலிருந்த இலக்கம் ஏறியது. எண்பது தாண்டி, எண்பத்தைந்தும் தாண்டியது. "இதென்ன கோதாரி, இண்டைக்கு இப்பிடிக் கொதிக்குது" என்று முணுமுணுத்தான். காற்றாடியை இன்னும் கிட்ட இழுத்துவிட்டான். குனிந்து பார்க்கவில்லை. பாவி, ஒருதரமாவது குனிந்திருக்கலாம்.

மூன்றாவது ஆட்டத்தின் நடுவில் யோசப்பின் வந்தாள். மீன் கடகத்தை இறக்கிவைத்தவள் மேசைக்குக் கீழே பார்த்தாள்.

"ஐயோ மாதாவே! கால்! உன்ரை கால்!"

"பொறுங்கோம்மா, இன்னும் ஒரு ஆள்தான் மிச்சம்" என்றான் அவன், கண்ணை எடுக்காமல்.

அவள் காலைப் பிடித்து இழுத்தபோது தோல் இரும்போடு ஒட்டிக்கொண்டு அங்கேயே நின்றது. அப்போதுதான் ஜஸ்ரின் குனிந்தான்.

சுட்ட புண் ஆறவில்லை. உள்ளே எலும்புவரை அழுகியது. காய்ச்சல் தலைக்கேறிப் பிதற்றுகிற நிலைக்கு வந்ததும், முழங்காலுக்குக் கீழே எடுக்காவிட்டால் ஆளே தப்பாது என்றார் டொக்டர். இருந்தும் பிரயோசனமில்லாத கால்தானே என்று ஜஸ்ரின் தன்னைத் தேற்றப் பார்த்தான். முடியவில்லை, விக்கி விக்கி அழுதான். வெட்டியெடுத்த காலை யோசப்பின் வெள்ளைத் துணியில் சுற்றிக் கொண்டுபோய்ச் சேமக்காலையில் புருசனின் குழிக்குப் பக்கத்தில் புதைத்தாள். பாதர் வந்து செபம் சொன்னார்.

ஆசுப்பத்திரி வாட்டில் கிடந்த அந்த நாட்களில் அவனுக்கு ஒரேயொரு மருந்துதான் இருந்தது. கைபேசியில் சிவகரன் அனுப்பியிருந்த செய்தி. 'நடுவிலை விட்டிட்டு ஓடினனி, நீயும் ஒரு ஆம்பிளையோடா? உன்னாலை தோத்தம். கையிலை அம்பிட்டாய், காலை முறிப்பன்.' ஜஸ்ரின் அதைத் திரும்பத் திரும்ப வாசித்தான். தன்மேல் ஒருவனுக்கு இவ்வளவு கோபமா! நெஞ்சு நிறைந்து போனது.

அவன் நித்திரையாய்க் கிடந்த ஒரு பின்னேரம் கைபேசி அடித்தது, சிவகரன்தான். யோசப்பின் எடுத்தாள். மகனோடு கூடித் திரிகிற பிள்ளை என்று நினைத்து, தாய் மனம், ஒன்றும் ஒளிக்காமல் எல்லாவற்றையும் அழுது கொட்டிவிட்டாள். அவளைக் குற்றம் சொல்லி என்ன? கேட்க ஒரு காது கிடைத்தது, சொன்னாள்.

ஜஸ்ரின் வீட்டுக்கு வந்த பிறகு சிவகரன் பார்க்க வந்தான். தோடம்பழமும் பிஸ்கற்றும் கொண்டுவந்தான். கதிரை நுனியில் இருந்துகொண்டு யோசப்பினைப் பார்த்துக் கேட்டான்.

"அண்ணை சாப்பிடுறாரே, அம்மா?"

ஜஸ்ரினுக்கு விளங்கிவிட்டது, இவனும் தாயைத்தான் கேட்கிறான். ஆனாலும் மனம் கேட்கவில்லை. சிவகரன் போனபின் பெட்டியைப் போட்டு, "வாடா, நீயும் நானும் மட்டும் ஒரு ஆட்டம்" என்று கூப்பிட்டான்.

சிவகரன் வந்தான். திரையில் அவன் சுட்ட குண்டெல்லாம் சுவரில் பட்டது. கண்ணை மூடிக்கொண்டு சுட்டாலும் தலையில் போடுகிறவன் அவன்! ஜஸ்ரின் மறைவை விட்டு வெட்டவெளிக்கு வந்து, துவக்கைத் தாழ்த்திக்கொண்டு நின்றான்.

"சுடடா."

"சுடுறன் அண்ணை."

"எடேய், சுடடா நாயே!"

"உங்களுக்கு இண்டைக்கு நல்ல கைராசி அண்ணை" என்றது குரல், குழந்தைக்குச் சொல்வது போல. சிவகரனின் ஆள் மெல்லத் திரும்பி, முதுகைக் காட்டிக்கொண்டு அசையாமல் நின்றான்.

ஜஸ்ரின் கன நேரம் அந்த முதுகையே பார்த்தான். பிறகு சுட்டான்.

குசினிக்குள் மீன் வெட்டிக்கொண்டிருந்த யோசப்பின் எட்டிப் பார்த்தாள். "ஆட்டம் வெண்டிட்டியோ, ராசா?"

"ஓம் அம்மா" என்றான் ஜஸ்ரின். "வெண்டிட்டன்."