கயிற்றுக்குள் நின்ற சோளம்

சங்கரன்கோவில் வட்டாரத்தில் யார் எப்படி விதைத்தார்கள், எத்தனை தடவை களை எடுத்தார்கள், என்ன உரம் போட்டார்கள் என்று கேட்டு எழுதி, கடைசியில் விளைச்சலை எடை போட்டுப் பார்ப்பதுதான் அரசாங்கப் புள்ளிவிவர இலாகாவில் சத்தியநாதனுக்கு வேலை. அறுவடையன்று வயலில் ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் அளந்து, நாலு முளை அடித்து, கயிறு கட்டி, அதற்குள் இருப்பதை மட்டும் அறுக்க வேண்டும். பதினெட்டு வருஷம் இதைச் சுத்தமாகச் செய்தவர். ஐப்பசி மழை ஏமாற்றிய எண்பத்திரண்டாம் வருஷம் பார்த்தா மனிதருக்குச் சோம்பல் வரவேண்டும்? மேலநீலிதநல்லூர்ப் பக்கம் பேச்சித்தாயின் சோளக் காட்டுக்கு விவரம் கேட்கப் போனவர், அறுவடையன்று வெயிலில் நாடா பிடிப்பானேன் என்று கார்த்திகையிலேயே முளை அடித்துக் கயிறும் கட்டிவிட்டு வந்துவிட்டார்.

தை மாதம் தராசோடு போனார். காடு முழுக்கச் சோளம் முழங்கால் உயரத்தில் கருகிக் கிடந்தது. கயிற்றுக்குள் மட்டும் ஆள் உயரம் வளர்ந்து, கதிர் கனத்து நின்றது.

"என்னம்மா இது?"

"கவர்மெண்டு கட்டம்லா சார், காய விடலாமா?" பேச்சித்தாய்க்கு முகமெல்லாம் சிரிப்பு. "ஊர்க் கிணத்துல இருந்து தெனமும் எட்டுக் கொடம் சொமந்து ஊத்துனேன். இவ ஒழுங்கா வெள்ளாமை பாக்கலன்னு எழுதிரப்பிடாதுல்லா."

முன்கூட்டியே முளை அடித்தது என் தவறு, இந்தக் கட்டத்தைத் தள்ளிவிடுங்கள் என்று ஒரு வரி எழுதினால் போதும். எழுதினால் மெமோ வரும், இன்கிரிமென்ட் நிற்கும். சத்தியநாதன் பேனாவைத் திறந்தார், மூடினார். அறுத்து எடை போட்டார். நீர்ப்பாசனம் என்ற இடத்தில் 'மானாவாரி', அதாவது மழையை மட்டும் நம்பிய வெள்ளாமை என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். பாவி மனுஷன்.

பல ஊர்கள் சேர்ந்த அந்தப் பிர்காவுக்கே இரண்டு கட்டம்தான். இன்னொன்றில் மணி பிடிக்காத வெறும் சாவி. இரண்டையும் சேர்த்துச் சராசரி எடுத்ததில் விளைச்சல் சுமார் என்று வந்துவிட்டது. சுற்றியிருந்த பிர்காக்களெல்லாம் வறட்சிப் பட்டியலில் ஏறின, இது ஏறவில்லை. நிவாரண வேலை கிடையாது, மாட்டுக்கு வைக்கோல் கிடையாது. முறையாகப் பராமரித்தவர்களுக்கு மானாவாரியிலும் விளைகிறது என்று அறிக்கையில் ஒரு வரி வேறு. அதைப் படித்த அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

பங்குனியில் சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் பேச்சித்தாயைப் பார்த்தார். பக்கத்தில் இரண்டு மூட்டைகள் இருந்தன.

"எங்கம்மா கெளம்பிட்டிய?"

"செங்கச் சூளைக்கு சார். மாட்டையும் வித்தாச்சு." தயங்கித் தயங்கிக் கேட்டாள். "நம்ம கட்டம் நல்லாத்தான வந்துச்சு? பின்ன ஏன் சார் நம்மூருக்கு மட்டும் இல்லன்னுட்டாவ? நான் இன்னும் ரெண்டு கொடம் கூட ஊத்திருக்கணுமோ?"

பஸ் வந்தது. அவள் ஏறியதும் மூட்டைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக் கொடுத்தார். அவரால் ஆனது அவ்வளவுதான்.