பாயம்மாவின் மணிக்கட்டு

கணவர் இறந்த பிறகு பாயம்மா முதன்முதலாகக் கடைக்கு வந்த காலையை நான் மறக்கவில்லை. ஷட்டரைப் பாதிதான் தூக்கியிருந்தேன். முதுகுக்குப் பின்னாலிருந்து வெட்டிவேர் அத்தர் வாசனை வந்தது. செத்துப்போன முதலாளியின் வாசனை அது. எனக்குத் தெரிந்து அவர் வேறு எதையும் பூசிக்கொண்டதில்லை. ஷட்டரை அப்படியே விட்டுவிட்டேன். திரும்பிப் பார்த்தால், கறுப்பு புர்காவில், சாவிக்கொத்தைப் பிடித்தபடி அவர் மனைவி நிற்கிறார். "இன்னாத்துக்கு பேயப் பாத்தவ மாதிரி நிக்கற? தூக்கு" என்றார்.

கள்ளக்குறிச்சியில் பள்ளிவாசலுக்குப் பக்கத்துத் தெருவில் இருந்த சின்ன அத்தர் கடை அது. நான் நைனார்பாளையத்திலிருந்து பஸ் பிடித்து வந்து பெண்கள் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சென்ட், ரோல்-ஆன், கொஞ்சம் வளையல், கொஞ்சம் பொட்டு. முதலாளி போன பிறகு பாயம்மா இத்தா இருந்தார். நாலு மாதத்துக்கு மேல் வீட்டோடு இருக்க வேண்டும், அலங்காரம் கூடாது, வாசனை எதுவும் தொடக் கூடாது. அது முடிந்த மறுநாளே அவர் எடுத்துப் பூசியது கணவரின் அத்தர். கடைக்கு வருவதற்கு முன் ஒரு வார்த்தை யாரிடமும் கேட்கவில்லை.

கேட்டிருக்க வேண்டும் என்று நினைத்தவர் பெரிய பாய், அதாவது முதலாளியின் அண்ணன். கட்டடம் அவர் பெயரில் இருந்தது. ரம்ஜான் முடிந்ததும் கடையை ஒரு மொபைல் கடைக்காரருக்கு வாடகைக்கு விடுவது, தம்பி மனைவியைத் தன் வீட்டோடு வைத்துக் காப்பாற்றுவது என்று அவர் முடிவு செய்திருந்தார். கெட்ட மனிதர் அல்ல. மனசாரத்தான் சொன்னார். பாயம்மாவும் அவரைக் குறை சொன்னதில்லை. "சோறு அவரு போட்டுருவாரு. வூட்ல குந்திக்கினு நான் இன்னா பண்றது?" என்று என்னிடம் மட்டும் கேட்டார். ரம்ஜானுக்குள் கடையை நிமிர்த்திக் காட்டுவது என்று அன்றைக்கே தீர்மானித்துவிட்டார்.

நிமிர்த்துவதற்கு அவர் செய்த முதல் வேலை, 'ஆண்கள்', 'பெண்கள்' என்று அலமாரிகளில் ஒட்டியிருந்த இரண்டு அட்டைகளையும் கிழித்துப் போட்டது. எனக்குக் கோபம் வந்தது. வருகிறவர்கள் குழம்பிப் போவார்கள், இருக்கிற வியாபாரமும் படுத்துவிடும் என்று சண்டை போட்டேன். பாயம்மா ஸ்டூலில் ஏறி, ரோஜா அத்தரைக் கஸ்தூரிக்குப் பக்கத்தில் நகர்த்திக்கொண்டே கேட்டார்: "கல்யாண வாசல்ல பன்னீர் தெளிக்கிறியே, ஆம்பளைக்கு ஒரு பன்னீர் பொம்பளைக்கு ஒரு பன்னீர்னா தெளிக்கிற?" கிழிந்த அட்டைகளைக் கோபத்தோடு பொறுக்கிக் குப்பையில் போட்டேன்.

ஆண்களின் கையைத் தொட்டு அத்தர் தடவுவது அவருக்கு முடியாது. அதனால் கண்ணாடிக் குச்சியை அத்தரில் தோய்த்து நீட்டுவார். அவர்களே மணிக்கட்டில் ஒற்றிக்கொள்ள வேண்டும். எங்கள் ஊரில் எல்லோரும் செய்கிற தப்பு, மூடியைத் திறந்து மூக்கை உள்ளே விடுவதும், இரண்டு கையையும் பரபரவென்று தேய்ப்பதும். இரண்டையும் அவர் அனுமதிக்கமாட்டார். ஒற்றியவுடன் முகர்ந்து பார்த்து வாங்குவதற்கும் விடமாட்டார். பஸ் ஸ்டாண்டு வரை போய் டீ குடித்துவிட்டு வியர்த்துப்போய் வாருங்கள், அப்புறம் உங்கள் கையே சொல்லும் என்று அனுப்பிவிடுவார். கையில் காசோடு வந்தவரை வெளியே அனுப்புகிற கடையை நான் எங்கேயும் பார்த்ததில்லை. பாதிப் பேர் திரும்பவே மாட்டார்கள் என்று பயந்தேன். ஆனால் திரும்பி வந்தவர்கள் மறு மாதமும் வந்தார்கள்.

மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையில் வேலை பார்க்கிற ஒருவர் மனைவியோடு வந்தது நினைவிருக்கிறது. அவர் மேலே எப்போதும் கரும்புப்பாகு வாடை. அதை அடக்க வேண்டும் என்று, இருப்பதிலேயே காட்டமான 'ஜென்ட்ஸ் அயிட்டம்' கேட்டார். போட்டுக்கொண்டு போய்வந்தவருக்குத் தலைவலிதான் மிச்சம். பாயம்மா ரோஜாவைக் கொடுத்தார். அவர் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அரை மணி கழித்து இருவரும் வந்தபோது சிரிப்பு இல்லை. அந்தப் பாகு வாடையோடு ரோஜா சேர்ந்து, ரோஜா இதழைச் சர்க்கரையில் ஊறவைத்த குல்கந்து மாதிரி மணந்தது. அதே ரோஜா அவளுடைய கையில் வெறும் பூவாகத்தான் இருந்தது. ஒரே சீசாவை இருவருக்குமாக வாங்கிப்போனார்கள். அன்றைக்குத்தான் எனக்குள் ஏதோ அசைந்தது. வாசனை சீசாவுக்குள் பாதிதான் இருக்கிறது, மீதி போட்டுக்கொள்கிற உடம்பில் இருக்கிறது என்று புரிந்தது.

ஆனால் தெரு சும்மா இருக்குமா? புருஷனைப் பறிகொடுத்தவள் கடையில் உட்கார்ந்திருக்கிறாள், போதாததற்கு ஆம்பளை அத்தரைப் பூசிக்கொண்டிருக்கிறாள் என்று பேச்சு கிளம்பியது. ரம்ஜான் பெருநாள் வியாபாரம் நன்றாகவே நடந்தது. அது எங்களைக் காப்பாற்றிவிடும் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். பெருநாளுக்கு அடுத்த வெள்ளிக்கிழமை, ஜும்மா தொழுகை முடிந்ததும், பெரிய பாய் மொபைல் கடைக்காரரைக் கூட்டிக்கொண்டு வந்தார். அந்த ஆள் டேப்பை விரித்து எங்கள் அலமாரியையே அளக்க ஆரம்பித்தார்.

பெரிய பாய் தரையைப் பார்த்தபடி பேசினார். வியாபாரம் நடக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை, ஆனால் ஊர் வாயை மூட முடியவில்லை என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "தம்பி வாசனையைப் போட்டுக்கினு நிக்கிறியேம்மா, அது ஆம்பளைங்க போடறதும்மா" என்றார்.

பாயம்மா கல்லாவை விட்டு எழுந்து நின்றார்.

"மச்சான், உங்க தம்பிக்கு கடையில பொழுதன்னிக்கும் மோந்து மோந்து மூக்கு மரத்துப்பூடும். ரெண்டு கையிலயும் அத்தர் அப்பிக்கினு இருக்கும், புதுசா ஒண்ணு வெச்சிப் பாக்க இடமிருக்காது. வடக்க கன்னோஜ்லேருந்து அத்தர் சரக்கு வந்தா வூட்டுக்கு எடுத்தாந்து என் மணிக்கட்டுலதான் வெப்பாரு. நான் சோறு வடிக்கணும், பாத்திரம் கழுவணும். அதுக்கப்புறம் வந்து மோந்து பாப்பாரு. வாசனை நின்னா வாங்குவாரு, நிக்கலன்னா திருப்பி அனுப்பிருவாரு. இந்த ஊர் ஆம்பளைங்க போடற அத்தர் மொத்தமும் என் கையில நின்னதுங்க. இன்னிக்கு நீங்க தொழுகைக்குப் போட்டுக்கினு போனதும் அதுல ஒண்ணுதான்."

டேப் இழுபடுகிற சத்தம் நின்றது. பெரிய பாய் நிமிர்ந்து பார்த்தார். பிறகு தன் சட்டைக் கையைச் சற்று மேலே தள்ளி, மணிக்கட்டை மூக்கருகில் கொண்டுபோனார். தம்பியின் மையத்தைத் தூக்கிப்போய் அடக்கம் செய்தபோதுகூட ஈரமாகாத கண்கள் நிறைந்துவிட்டன. அளக்க வந்தவரின் தோளைத் தட்டி வெளியே கூட்டிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு கடையைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை.

இப்போது பாயம்மாவுக்கு மூட்டுவலி. வீட்டு மாடியை விட்டு இறங்குவதில்லை, கடையை நான்தான் பார்க்கிறேன். 'யூனிசெக்ஸ்' என்று அச்சடித்த சீசாக்கள் பெட்டி பெட்டியாக வருகின்றன, ஏதோ நேற்றுக் கண்டுபிடித்த சமாச்சாரம் மாதிரி. நேற்றுக் காலை கல்லூரிப் பையன் ஒருவன் வெட்டிவேரை எடுத்து, இது ஆண்கள் போடுவதுதானே என்று தயங்கித் தயங்கிக் கேட்டான். இது ஒரு பொம்பளை கையில் தேறியது, உன் கையில் தேறுகிறதா பார்த்துவிட்டு வா என்று சொல்லி அனுப்பினேன்.