ஹார்லன் பெயருக்குப் பதில் சொன்னவன்

டுவைட் ஸ்டில்ட்னர் எங்கள் மன்றத்துக்கு வந்தால் இரண்டு காப்பி கேட்பான். ஒன்றை அவன் குடிப்பான். இன்னொன்றை இடது பக்கத்துக் காலி நாற்காலிக்கு முன்னால் நகர்த்தி வைப்பான், அப்புறம் அதன் பக்கம் கையே போகாது. அவன் கிளம்பிப் போனதும் அதை எடுத்துத் தொட்டியில் கொட்டுவது என் வேலை.

"ஏண்டா, எனக்கென்ன காப்பித்தோட்டமா இருக்கு?" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"காசு குடுக்கறேன்ல, மிஸ் மாவிஸ்."

"காசு குடுத்துட்டா ஆச்சா? கொட்டற கை என்னுது."

சிரித்தான். ஆனால் சிரிக்கும்போதும் அந்த நாற்காலியை ஒரு பார்வை பார்த்துக்கொண்டான், பக்கத்தில் இருப்பவனும் சிரிக்கிறானா என்று பார்ப்பவன் போல. அதற்கப்புறம் நான் காப்பியைப் பற்றிக் கேட்கவில்லை.

முன்னாள் படைவீரர் மன்றம் என்று வாசலில் பெரிதாக எழுதியிருக்கும். உள்ளே பார்த்தால் ஒரு சமையலறை, ஒரு கூடம், வியட்நாம் போருக்குப் போய் வந்த நாலு கிழவர்கள், இராக் போய் வந்த பையன்கள் சிலர், நான். என் வீட்டுக்காரர் வியட்நாம் போனவர். அவர் போய்ச் சேர்ந்த பிறகும் இந்த அடுப்பு என்னை விடவில்லை. பீன்ஸ் சூப்பும் சோளரொட்டியும் நான் போட்டால்தான் இவர்களுக்கு இறங்கும். புகழ்ந்து ஒரு வார்த்தை வராது, அது வேறு விஷயம்.

டுவைட்டின் அப்பா ஓஹையோ ஆற்றில் நிலக்கரிப் படகு தள்ளியவர். பையனைப் படிக்கவைக்க வசதி இல்லை. தேசியக் காவல் படையில் சேர்ந்தால் கல்லூரிக் கட்டணம் கட்டுவார்கள் என்று கேள்விப்பட்டு, அவனும் பக்கத்துத் தெரு ஹார்லன் ரேட்லிஃபும் ஒரே நாளில் கையெழுத்துப் போட்டார்கள். மாதத்தில் ஒரு சனி ஞாயிறு பயிற்சி, அவ்வளவுதான் என்றார்கள். கல்லூரி வாசலை மிதிப்பதற்குள் இரண்டு பேரும் இராக்கில், சாலையில் புதைத்த குண்டைத் தேடி வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார்கள். டுவைட் திரும்பி வந்தான். ஹார்லனைப் பெட்டியில் கொண்டுவந்தார்கள்.

வந்தவன் பள்ளிக்கூடப் பேருந்துகளைப் பழுது பார்க்கும் வேலைக்குப் போனான். தமாரா என்று ஒரு நல்ல பெண்ணைக் கட்டினான். மூன்று வருஷம் தாங்கினாள் பாவம். போகும்போது என்னிடம் வந்து அழுதாள். "சாப்பாட்டு மேசையில மூணு தட்டு வைக்கச் சொல்றான். நான் ஒருத்தனைத்தான் கட்டினேன், ரெண்டு பேரை இல்ல." அவளை நான் குறை சொல்ல மாட்டேன்.

செவ்வாய்க்கிழமை எழுத்து மேசை எப்படி ஆரம்பித்தது என்றால், மன்றத்து அறிவிப்புப் பலகையில் ஒரு காகிதம் வந்து ஒட்டிக்கொண்டது. முன்னாள் படைவீரர்கள் கதை, கவிதை, நினைவுகள் அனுப்பலாம், தேர்ந்தெடுத்துப் புத்தகமாகப் போடுவோம் என்று. இந்த மாதிரி அழைப்புகள் நாட்டில் நிறைய இருக்கின்றன என்று அப்புறம்தான் தெரிந்தது. பத்திரிகைகள், போட்டிகள், சின்னச் சின்னப் பதிப்பகங்கள். கிழவர்களுக்கு ஒரே கேலி.

"நானும் எழுதறேன். மொத பக்கம்: மழை. ரெண்டாம் பக்கம்: மழை. மூணாம் பக்கம்: கால்ல சேத்துப்புண்ணு," என்றார் அந்தக் கிழவர்களில் ஒருவரான கிளெட்டஸ்.

"எழுது, எழுது. உன் பொண்டாட்டிகூடப் படிக்க மாட்டா," என்றேன்.

ஆனால் எழுதினார்கள். செவ்வாய்தோறும் எழுதிக்கொண்டுவந்து மேசையைச் சுற்றி உட்கார்ந்து வாய்விட்டுப் படித்தார்கள். டுவைட்டும் ஒருநாள் ஒரு தாளை எடுத்தான். அதில் போர் இல்லை. ஹார்லன் ஊருக்குத் திரும்பி வருகிறான், அம்மா ஆப்பிளை மாவுக்குள் வைத்துச் சுட்ட 'பை' பலகாரத்தை நின்றவாக்கிலேயே தின்கிறான், பழைய டிரக் ஒன்று வாங்குகிறான். அவ்வளவுதான். அடுத்த வாரம் ஹார்லனுக்குப் படகுத்துறையில் வேலை கிடைத்தது. அதற்கடுத்த வாரம் தொப்பை போட்டான். அப்புறம் அவன் வீட்டுக் கூரை ஒழுகியது, ஏணியில் ஏறப் பயந்துகொண்டு வாளியை மட்டும் கீழே வைத்தான்.

கிளெட்டஸ் எழுந்து போய்ச் சன்னலை மூடினார். குளிர்காலமும் இல்லை அது.

விஷயம் ஹார்லனின் அம்மா ஐடெல்லா காதுக்குப் போயிற்று. சின்ன ஊர், போகாமல் இருக்குமா? மறு செவ்வாய்க்கிழமை தேவாலயத்துக்குப் போகிற உடுப்பில் வந்து, டுவைட்டுக்கு நேர் எதிரே உட்கார்ந்தாள். நான் சூப்பைச் சிந்திவிட்டேன். இந்தத் தாய்க்கு முன்னால் இதைப் படிப்பானா?

"படி, கண்ணு," என்றாள். "கூரையைச் சரி பண்ணானா இல்லையா?"

அன்றிலிருந்து ஒரு செவ்வாய்கூட அவள் தவறவில்லை. தட்டில் ஓர் ஆப்பிள் பை சுட்டுக் கொண்டுவருவாள். என்ன, அந்தப் படகுத்துறை மேஸ்திரி இன்னும் அவனைத் திட்டுகிறானா? பல்வலி எப்படி இருக்கிறது? பெண் பார்த்தானா? டுவைட் பதில் சொல்லுவான். நான் அடுப்புப் பக்கமிருந்து கேட்டுக்கொண்டிருப்பேன். ஒருதரம் பாத்திரம் கழுவும்போது அவளிடம் மெல்ல ஆரம்பித்தேன்.

"ஐடெல்லா, இது உனக்கு நல்லதா?"

"எனக்குப் பைத்தியம் பிடிக்கல மாவிஸ். என் மகன் செத்துட்டான்னு எனக்குத் தெரியும். பெட்டியைத் தொட்டுப் பாத்தவ நான். வாரத்துல ஒரு மணிநேரம் அவன் இருக்கட்டுமே. உனக்கு எங்க எரியுது?"

நான் அடுத்த பாத்திரத்தை எடுத்துத் தேய்த்தேன்.

அவளுக்கு இன்னொரு ஆசையும் வந்துவிட்டது. இதை அச்சில் பார்க்க வேண்டும், ஹார்லன் பெயர் புத்தகத்தில் வர வேண்டும். டுவைட் ஒரு பத்திரிகைக்கு அனுப்பினான். இதில் போரே இல்லையே என்று திருப்பிவிட்டார்கள். பிறகு அந்த அறிவிப்புக் காகிதம் அனுப்பிய பதிப்பகத்துக்கு அனுப்பினான். அதை நடத்துகிறவள் ரெனாட்டா என்று ஒரு பெண், தானும் படையில் கேப்டனாக இருந்தவள். கொலம்பஸ் நகரத்திலிருந்து காரை ஓட்டிக்கொண்டு நேரே வந்துவிட்டாள்.

அன்று ஐடெல்லா இன்னும் வரவில்லை. ரெனாட்டா தாள்களை மேசையில் வைத்தாள்.

"நல்லா எழுதியிருக்கீங்க. எனக்குத் தூக்கமே போச்சு. ஆனா இந்தப் புத்தகம் நடந்ததைச் சொல்ற புத்தகம். ஹார்லனுக்கு இது எதுவும் நடக்கல."

"அவன் செத்ததை எழுதச் சொல்றீங்க."

"இல்ல. அவன் ஏன் இன்னும் உங்களை விட்டுப் போகலைன்னு எழுதுங்க. அது உங்களுக்கு நடந்ததுதானே?"

அவள் கண் அந்தக் காப்பிமேல் இருந்தது. டுவைட் தாள்களைக் கவிழ்த்து வைத்தான். பிறகு சொன்னான். கட்டியவளிடம்கூடச் சொல்லாததை அங்கேதான் சொன்னான்.

ஹார்லன் சோம்பேறி. காலை அணிவகுப்புக்கு என்றைக்கும் நேரத்துக்கு வந்ததில்லை. சார்ஜென்ட் பெயர் கூப்பிடும்போது டுவைட்தான் குரலை மாற்றி அவனுக்கும் சேர்த்து "இருக்கேன் சார்ஜென்ட்!" என்று கத்துவான். அதற்குள் ஹார்லன் பூட்ஸ் கயிற்றைக்கூடக் கட்டாமல் ஓடிவந்து பின்வரிசையில் நுழைந்துகொள்வான். பயிற்சிக் காலத்திலிருந்தே இந்தக் கூத்துதான்.

"அவன் செத்ததும் முகாம்ல அஞ்சலி வச்சாங்க," என்றான் டுவைட். "அங்க ஒரு வழக்கம் உண்டு. சார்ஜென்ட் உயிரோட இருக்கறவன் பேரைக் கூப்பிடுவார், அவன் பதில் சொல்வான். அப்புறம் செத்தவன் பேரை மூணு தடவ கூப்பிடுவார். மூணு தடவையும் பதில் வராது. அதுக்கப்புறம்தான் வேட்டுச் சத்தம், எக்காளம், எல்லாம். மூணு தடவ பதில் வராம இருந்தாத்தான் அவனை வரிசையிலருந்து விடுவிச்ச மாதிரி."

நிறுத்தினான்.

"ரேட்லிஃப்னு கூப்பிட்டார். நான் 'இருக்கேன் சார்ஜென்ட்'னு கத்திட்டேன். அவன் குரல்ல. பழக்கம்தான், யோசிக்கவே இல்ல, வாய் தானா கத்திடுச்சு. மொத்தக் கம்பெனியும் திரும்பிப் பாத்துது. சார்ஜென்டுக்கு நாக்கு ஒட்டிக்கிச்சு, ரெண்டாவது தடவ கூப்பிடவே இல்ல. நேரா வேட்டுக்குப் போயிட்டாங்க. இருக்கேன்னு சொன்னது நான்தானே? அதான் இருக்கான். வண்டியில பக்கத்துல உக்காந்திருக்கான். நான் சாப்பிட்டா பாக்கறான். கதை நான் எழுதல மிஸ் மாவிஸ், அவன் பண்றதைத்தான் சொல்றேன். எனக்கு முடியல. அலுத்துப் போச்சு."

கிளெட்டஸ் தொப்பியைக் கழற்றினார். அப்போதுதான் கவனித்தேன், ஐடெல்லா கதவருகே ஆப்பிள் பைத் தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். எவ்வளவு கேட்டாளோ தெரியாது. முழுதும் கேட்டிருப்பாள் என்றுதான் அவள் முகம் சொல்லிற்று.

"அதை எழுதப்போறியா?"

"தெரியல மிஸ் ஐடெல்லா."

"எழுதிட்டா அவன் போயிடுவான்ல?"

டுவைட் தலையைத் தூக்கவில்லை.

"அப்ப செவ்வாய்க்கிழமை நான் எங்கடா போவேன்?" என்றாள். தட்டை மேசையில் வைத்தாள், வைத்த சத்தத்தில் கரண்டி துள்ளியது. போய்விட்டாள்.

அடுத்த செவ்வாய் வரவில்லை. அதற்கடுத்ததும் இல்லை. டுவைட் தாளும் இல்லாமல் வந்து இரண்டு காப்பிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான், முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. ரெனாட்டாவிடம் வேண்டாம் என்று சொல்லிவிடப் போகிறேன் என்றான். எனக்கு வந்ததே கோபம்!

"அவளுக்காக ஹார்லனை வச்சுக்கப்போறியா? உன்னை யார் வச்சுக்கப்போறா? கண்ணாடியில மூஞ்சியைப் பாத்தியா? செத்தவன் தொப்பை போட்டுட்டான், நீ எலும்பா நிக்கற."

எழுந்து போனான். ஆனால் எழுதி அனுப்பினான். நான் திட்டியதாலா, களைப்பினாலா, கேட்கவில்லை. ஒரு பிரதியை ஐடெல்லா வீட்டு வாசலிலும் வைத்துவிட்டு வந்தான். அங்கிருந்து பதில் இல்லை.

புத்தகம் வெளிவந்தபோது எங்கள் கூடத்திலேயே வெளியீடு வைத்தார்கள். நாற்காலி போதாமல் தேவாலயத்திலிருந்து கொண்டுவந்தோம். டுவைட் இஸ்திரி போட்ட சட்டையில் மேடைக்குப் போனான். படிக்க ஆரம்பித்த பிறகுதான் ஐடெல்லா உள்ளே வந்தாள். நேரே முன்வரிசைக்கு வந்தாள். ஒருவர் எழுந்து இடம் கொடுத்தார்.

அவளைப் பார்த்ததும் அவன் தடுமாறினான். ஆனாலும் படித்தான். அணிவகுப்பு, கட்டாத பூட்ஸ் கயிறு, எல்லாரும் கொஞ்சம் சிரித்தார்கள். அப்புறம் அஞ்சலி. தான் பதில் சொன்ன இடம். அதோடு அச்சிட்ட பக்கம் முடிகிறது. அவன் புத்தகத்தை மூடி வைத்தான்.

"அன்னிக்குக் கூப்பிடாம விட்டதை இப்ப கூப்பிடறேன்," என்றான். நிமிர்ந்து நின்றான்.

"ரேட்லிஃப்!"

கூடத்தில் இருந்த படைவீரர்கள் அத்தனை பேரும் எழுந்துவிட்டார்கள். யாரும் சொல்லவில்லை, தானாக எழுந்தார்கள். டுவைட் இடது கையால் தன் வாயைப் பொத்திக்கொண்டு நின்றான். எனக்கு விளங்கியது. வாய் மறுபடியும் தானாகத் திறந்துகொள்ளுமோ என்று பயப்படுகிறான்.

கையை எடுத்தான். "ஹார்லன் ரேட்லிஃப்!"

சமையலறையில் சூப் கொதிக்கிற சத்தம் கூடம் வரை கேட்டது. யாராவது பதில் சொல்லிவிடக் கூடாதா என்றிருந்தது எனக்கு. சத்தியமாகச் சொல்கிறேன், அப்படித்தான் இருந்தது.

மூன்றாவது தடவை கூப்பிட வேண்டும். முழுப் பெயர். அவன் வாயைத் திறக்கிறான், காற்றுதான் வருகிறது. மறுபடி திறக்கிறான். நெஞ்சு ஏறி இறங்குகிறது, பெயர் வரவில்லை. ரெனாட்டா எழுந்து பக்கத்தில் போகப் பார்த்தாள். கிளெட்டஸ் அவள் கையைப் பிடித்து நிறுத்தினார்.

ஐடெல்லா எழுந்தாள். மேடையைப் பார்க்கவில்லை. திரும்பி, திறந்திருந்த வாசலைப் பார்த்தாள், அந்தி சாய்கிற நேரம், வெளியே தெரு. விளையாடப் போன பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடுகிற குரலில், நீட்டி முழக்கிக் கூப்பிட்டாள்.

"ஹார்லன் லெமார் ரேட்லிஃப்!"

நாங்கள் எல்லாரும் வாசலைத்தான் பார்த்தோம். நானும் பார்த்தேன். ஒரு கார் போயிற்று. எங்கோ நாய் குரைத்தது. அவள் கடைசிவரை காத்திருந்தாள், அவசரப்படவில்லை. பிறகு உட்கார்ந்து கைக்குட்டையை எடுத்தாள்.

அடுத்த செவ்வாய் டுவைட் வந்தான். பழக்கதோஷம், நான் இரண்டு காப்பி ஊற்றிக்கொண்டு போய்விட்டேன். வைத்த பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவன் இரண்டு கோப்பையையும் பார்த்தான். இடது பக்கத்து நாற்காலியைப் பார்த்தான். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அது வெறும் நாற்காலியாக இருந்தது போலும், கையால் அதன் முதுகைத் தடவிப் பார்த்தான். கண்ணில் தண்ணீர் நின்றது. விட்டது என்று அவன் சந்தோஷப்படுவான் என்றுதான் நினைத்திருந்தேன். நானும் ஒரு முட்டாள்.

ஐடெல்லா வந்தாள். கையில் ஆப்பிள் பைத் தட்டு. எதிரே உட்காரவில்லை. மேசையைச் சுற்றி வந்து இடது பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு, அதில் உட்கார்ந்தாள். ஹார்லனுடைய காப்பியை எடுத்து ஒரு வாய் குடித்தாள்.

"ஆறிப்போச்சு," என்றாள் என்னைப் பார்த்து. "வேற சூடா குடு மாவிஸ்."

பிறகு அவன் பக்கம் திரும்பினாள்.

"சரி. நீ சொல்லு. இந்த வாரம் நீ என்ன பண்ண?"

அப்படி ஒரு கேள்வியை டுவைட்டிடம் யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. மேசை முழுக்கக் காத்திருந்தது.

"என் வீட்டுக் கூரை ஒழுகுது, மிஸ் ஐடெல்லா," என்றான் கடைசியில். "ரொம்ப நாளா ஒழுகுது."