சிவப்புக் கயிறும் ஜப்பானின் கைத்தொழில்மயமாக்கமும்

யாழ்ப்பாணத்தில் உயர்தர வகுப்புக்கு வரலாறு படிப்பித்த காலத்தில், ஜப்பானின் கைத்தொழில்மயமாக்கம் என்ற பாடத்தை ஒவ்வொரு வருடமும் மாரிமழை தொடங்கும்போது எடுப்பேன். அரசாங்கம் ஆலைகளைக் கட்டியது. பிறகு அவற்றைத் தனியாருக்கு மலிவாக விற்றது. வெளிநாட்டு நிபுணர்களைக் கொழுத்த சம்பளத்துக்குக் கூப்பிட்டு, வித்தையைக் கற்றுக்கொண்டு, திருப்பி அனுப்பியது. பிள்ளைகள் கொட்டாவி விட்டபடி எழுதுவார்கள். பரீட்சையில் கட்டாயம் வரும் என்று சொல்லிவைப்பேன். வராது. தொண்ணூறுகளின் நடுவில், நியூசிலாந்தின் ஒக்லாண்டில், எனக்கு வந்தது.

அந்தக் காலத்தில் ஜப்பான் கார்கள் துண்டு துண்டாகப் பெட்டிகளில் கப்பலேறி வரும். நகரத்தின் தெற்கே ஒரு தொழிற்சாலையில் நாங்கள் அவற்றைப் பொருத்திக் காராக்கி அனுப்புவோம். கதவின் உட்பலகையைத் திருகாணி போட்டு இறுக்குவது என் வேலை. என் பட்டத்தைப் பற்றி அங்கே யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. எனக்கு வேலைதான் தேவை. என் கணவர் கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் இருந்தார். எங்கேயாவது குண்டு வெடித்தால் அவரைப் பொலிஸ் பிடித்துக்கொண்டு போகும், இரண்டு நாள் வைத்திருந்து விடும். எனக்கு நிரந்தர வேலை கிடைத்தால்தான் அவருடைய விசா அலுவல் நகரும் என்று சட்டத்தரணி சொல்லியிருந்தார். நான் தகுதிகாண் காலத்தில் இருந்தேன். ஆகவே ஒரு பிழைக்கும் இடம் கொடுப்பதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு வேலை செய்தேன்.

எங்கள் தலைக்கு மேலே ஒரு சிவப்புக் கயிறு நீளத்துக்கு ஓடும். பிழையைக் கண்டால் யாரும் அதை இழுக்கலாம். இழுத்தால் கார்கள் நகரும் வரிசை முழுவதும் நின்றுவிடும், ஒலிபெருக்கியில் பாட்டு ஒன்று கேட்கும், அத்தனை பேரும் திரும்பி இழுத்தவரைப் பார்ப்பார்கள். இது ஜப்பான்காரரின் ஏற்பாடு. எங்களில் ஒருவரும் அதைத் தொட்டதில்லை. வகுப்பின் நடுவில் ஒருத்தி எழும்பிப் பாடத்தை நிறுத்தினால் அவளைப் பற்றி நான் என்ன நினைத்திருப்பேன் என்பது எனக்குத் தெரியாதா?

எனக்கு முன்னால் நின்றவர் மன்னார் அக்கா. அந்தப் பெயரில்தான் எல்லோரும் அவரைக் கூப்பிடுவோம். மழைத்தண்ணீர் உள்ளே வராதபடி கதவுக்குள் ஒரு பிளாஸ்ரிக் தாளை ஒட்டுவது அவர் வேலை. ஒக்லாண்ட் மழைக்கு அது எவ்வளவு முக்கியம் என்று சொல்லத் தேவையில்லை. இருவரும் தகனினி என்ற புறநகரில் இருந்ததால் தினமும் தன் காரில் என்னை ஏற்றிப் போவார். நான் படிப்பித்தவள் என்பது அங்கே அவருக்கு மட்டும்தான் தெரியும். மோட்டர்வேயில் ஏறியதும் சத்தமாகச் செபமாலை சொல்லத் தொடங்குவார், பின்னால் வருபவன் ஹோர்ன் அடித்தாலும் நிறுத்தமாட்டார். அவர் ஒட்டும் தாளின் மேல் மூலை அடிக்கடி ஒட்டுப்படாமல் நிற்கும். நான் பெருவிரலால் அமத்திவிட்டு உட்பலகையைப் போடுவேன். எங்கள் ஆட்கள் இதை உதவி என்பார்கள்.

தகுதிகாண் காலம் முடிகிற நேரத்தில் ஜப்பானிலிருந்து ஒரு பொறியியலாளர் வந்தார். ஒல்லியான மனிதர். ஒரு காலை முழுவதும் எனக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பிறகு ஆங்கிலத்தில் கேட்டார். அவருடைய ஆங்கிலமும் என்னுடையதும் ஏறக்குறைய ஒரே நிலையில் இருந்தபடியால் நன்றாக விளங்கியது.

"இந்த இடத்தில் ஒருவரும் ஒருநாளும் கயிறு இழுக்கவில்லை. ஏன்?"

"பிழை ஒன்றும் வரவில்லை" என்றேன். பாராட்டப்போகிறார் என்று நிமிர்ந்துகூட நின்றேன்.

அவருடைய முகம் கறுத்துவிட்டது. பிழை வராத இடம் உலகத்தில் இல்லை என்றார். அவருடைய நாட்டில் முன்னொரு காலத்தில், நூல் அறுந்தால் தானாகவே நின்றுவிடும் தறி ஒன்றைச் செய்தார்களாம். அதற்குப் பிறகு ஒரு பெண் பல தறிகளைப் பார்த்துக்கொள்ள முடிந்ததாம். கார் செய்கிற முறையும் அந்தத் தறியிலிருந்து வந்ததுதானாம். இவ்வளவையும் ஒரு வரலாற்று ஆசிரியைக்குச் சொல்லிவிட்டுப் போனார். என் குறிப்புகளில் அந்தத் தறி இருக்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எங்கள் குழுத் தலைவர் ஒரு சமோவாக்காரர், நல்ல மனிதர். அவர் மெதுவாக வந்து, வெள்ளிக்கிழமை முடிவெடுக்கப் போகிறார்கள், பிழையைக் காணாதவளை வைத்திருக்க வேண்டாம் என்று ஜப்பான்காரர் சொல்கிறார் என்றார்.

அடுத்த நாள் காலை, செபமாலை முடியும்வரை காத்திருந்து பேச்செடுத்தேன்.

"அக்கா, அந்த மேல் மூலை ஒட்டுப்படுதில்லை."

"ஓம் ரீச்சர், தெரியும். நீங்கள்தானே அமத்திறியள்."



வியாழக்கிழமை ஒரு வெள்ளைக் காரின் கதவு வந்தது. மேல் மூலை ஆவென்று நின்றது. பெருவிரல் பழக்கதோஷத்தில் நீண்டது. அதை மடக்கிக்கொண்டு கயிற்றை இழுத்தேன். எல்லாம் நின்றது. பாட்டு ஒலித்தது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பொறியியலாளர் கிட்டத்தட்ட ஓடிவந்து, எனக்கு முன்னால் குனிந்து நன்றி சொன்னார். பிறகு அக்காவிடம் திரும்பி, ஏன் இது ஒட்டவில்லை என்றார். அக்கா ஏதோ சொன்னார். அது ஏன் என்றார். அதற்கும் சொன்னார். அது ஏன்? அவர்களுடைய முறை அது, ஏன் ஏன் என்று அடிவரைக்கும் போவார்கள். ஆனால் மன்னாரிலிருந்து கொழும்பு வரைக்கும் ஆமி மறித்துக் கேள்வி கேட்கும் எத்தனையோ சென்றிகளைத் தாண்டி வந்த பெண்ணிடம் அப்படிக் கேட்கக்கூடாது. அக்காவின் முகம் வெளிறியது. அடையாள அட்டையைத் தேடி அவருடைய கை உடுப்புப் பைக்குள் போனது. இந்த நாட்டில் அப்படி ஒரு அட்டையே இல்லை.

ஜப்பான்காரர் அவருடைய முகத்தைப் பார்க்கவே இல்லை. முழங்காலை மடக்கி, தன் தலையை அக்காவின் உயரத்துக்கு இறக்கி, அங்கிருந்து கதவைப் பார்த்தார். அக்கா கட்டை. அந்த மூலை அவருக்குச் சரியாகத் தெரிவதுமில்லை, எட்டுவதுமில்லை. பின்னேரத்துக்கிடையில் அக்கா ஏறி நிற்க ஒரு பலகை வந்துவிட்டது.

அன்று வீடு திரும்பும்போதும் அக்காதான் என்னை ஏற்றிவந்தார். என் வீட்டு வாசலில், எஞ்சினை நிறுத்தாமலே சொன்னார்.

"பாவசங்கீர்த்தனத்தில எங்கட பாவத்தைத்தான் சொல்லுறது ரீச்சர். மற்ற ஆக்களின்ரயைச் சொல்லுறேல்லை. நீங்கள் என்னைக் காட்டிக்குடுத்திட்டியள்."

எங்கள் ஊரில் அந்தச் சொல்லுக்காக ஆட்களை மின்கம்பத்தில் கட்டிச் சுட்டிருக்கிறார்கள்.

"என்ர மனுசன் இன்னும் வெள்ளவத்தையிலதான் அக்கா இருக்கிறார்" என்றேன்.

கார் போய்விட்டது. மறுநாள் பஸ்ஸுக்கு நின்றேன். கார் வந்து நின்றது. "ஏறுங்கோ" என்றார். அன்று செபமாலையை மனதுக்குள் சொன்னார்.

என்னை நிரந்தரமாக்கினார்கள். அக்கா அதற்குப் பிறகு தும்மினாலும் கயிற்றை இழுத்தார். ஜப்பான்காரருக்கு அவரைப் பார்த்தாலே சந்தோசம்.

விசா ஆமை வேகத்தில் நகர்ந்தது. ஒருவழியாக என் கணவர் வந்து இறங்கினார், பாதியாக மெலிந்து. அந்த நேரத்தில் ஜப்பானிலிருந்து பழைய கார்கள் கப்பல் கப்பலாக வந்து மலிவாக விலைப்பட்டுக்கொண்டிருந்தன. இறக்குமதி வரியையும் அரசாங்கம் நீக்கப்போகிறதென்று பேச்சு. அவர் வந்த அடுத்த வாரம் எங்களை எல்லாம் கன்ரீனில் கூட்டி, தொழிற்சாலையை மூடப்போகிறோம் என்றார்கள்.

வீட்டுக்கு வந்து அவருக்குச் சோறு போட்டுவிட்டுச் சொன்னேன். அவர் குழைத்த கையோடு நிமிர்ந்து கேட்டார்.

"விசாவைத் திருப்பிக் கேப்பினமோ?"

"இல்லை."

"அப்ப மூடட்டும்" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. கயிற்றையும் அக்காவையும் பற்றி நான் அவருக்குச் சொன்னதே இல்லை. வேலை போன கவலையாக்கும் என்று நினைத்து, மீன்குழம்புச் சட்டியை என் பக்கம் தள்ளிவைத்தார்.